அமெரிக்க உள்நாட்டுப் போர்: அடிமை முறையைக் காக்கப் பிரிந்தவர்களும் அதை ஒழிக்க எண்ணாமல் போருக்குப் போனவர்களும்

1860 டிசம்பர் 20ஆம் தேதி சார்ல்ஸ்டன் நகரில் கூடிய தென் கரோலினா மாநாடு, அமெரிக்க ஒன்றியத்திலிருந்து தங்கள் மாநிலம் விலகுவதாக ஒருமனதாகத் தீர்மானித்தது. நான்கு நாட்களில் அதற்கான காரணங்களை விளக்கும் அறிக்கையும் வந்தது. வட மாநிலங்கள் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தருவதில்லை, அடிமை ஒழிப்புச் சங்கங்களைத் தங்கள் மண்ணில் செயல்பட விடுகின்றன, அடிமை முறைக்கு விரோதமான கருத்துடைய ஒருவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டன என்பவையே அதில் அடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகள். பின்னாளில் பலர் போருக்குக் காரணமாகச் சொல்லத் தொடங்கிய இறக்குமதித் தீர்வையைப் பற்றி அந்த அறிக்கையில் பேச்சே இல்லை. அடுத்த மாதம் விலகிய மிசிசிப்பி இன்னும் வெளிப்படையாகப் பேசியது. தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுவதுமாகப் பிணைந்தது என்றும், அடிமை முறையே உலகின் மிகப் பெரிய பொருளியல் நலன் என்றும் அதன் அறிக்கை தொடக்கத்திலேயே அறிவித்தது.

பிரிந்துபோன மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசும்போது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர், அடிமையாக இருப்பதே அவருக்கு இயல்பான நிலை என்ற கொள்கைதான் புதிய அரசின் மூலைக்கல் என்றார். அதற்குப் பதினேழு நாள் முன்புதான் வாஷிங்டனில் பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன், அடிமை முறை ஏற்கெனவே நிலவும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்றும், அதற்கான சட்ட உரிமையும் தமக்கு இல்லை என்றும் உறுதியளித்திருந்தார்.

இந்தப் போரைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பேச்சுகளுக்கு இடையில் இருக்கிறது. பிரிந்தவர்கள் அடிமை முறைக்காகவே பிரிந்ததாகச் சொன்னார்கள். அவர்களை எதிர்த்துப் படை நடத்தியவர்களோ, அடிமை முறையை ஒழிப்பதற்காகத் தாங்கள் போரிடவில்லை என்று ஓராண்டுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் நான்காண்டு முடிவில் சுமார் நாற்பது லட்சம் பேரின் அடிமைத்தளை சட்டப்படி அறுந்தது. ஒரு நல்ல மனிதரின் மனமாற்றம் என்று மட்டும் இதை விளக்கிவிட முடியாது. தங்கள் விடுதலையை அரசின் செயல்திட்டத்துக்குள் தள்ளியதில் அடிமைகளாக இருந்தவர்களுக்கே பெரும் பங்கு உண்டு என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

1787இல் அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோதே இந்தப் பிளவுக்கு ஒரு பேரம் பேசப்பட்டிருந்தது. பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டார்கள். வாக்கு இல்லாத, தன் உடல் மீதே உரிமை இல்லாத மனிதரின் பெயரால் அவருடைய எசமானருக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் பலம் கிடைத்தது. தப்பியோடியவரைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவும், 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்யக் கூடாது என்ற பிரிவும் அதே ஆவணத்தில் இடம்பெற்றன. காலப்போக்கில் அடிமை முறை தானாகத் தேய்ந்து மறையும் என்று அன்றைய தலைவர்களில் சிலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைப் பருத்தி பொய்யாக்கியது. தென் மாநிலங்களின் உட்பகுதியில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் கொட்டை பஞ்சோடு இறுக ஒட்டியிருக்கும். ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்து கையால் பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவதே பெரிய காரியம். 1793இல் எலி விட்னி உருவாக்கிய ஜின்னிங் எந்திரம் அந்த முட்டுக்கட்டையை நீக்கிவிட்டது. எந்திரம் வந்ததால் ஆள் தேவை குறைந்திருக்க வேண்டும் என்று தோன்றலாம், ஆனால் நடந்தது நேர்மாறு. பஞ்சைப் பிரிப்பது எளிதாகிவிட்டதால், எவ்வளவு நிலத்தில் விதைக்க முடியும், எவ்வளவு பேரை விட்டுப் பறிக்க முடியும் என்பதே லாபத்தின் அளவாயிற்று. 1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த விளைச்சல் 1860இல் சுமார் நாற்பது லட்சம் பொதிகளை எட்டியது. நாட்டின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பஞ்சாகவே இருந்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலை மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி, அலபாமா, லூயிசியானா ஆகிய பருத்தி நிலங்களுக்கு உள்நாட்டிலேயே சுமார் பத்து லட்சம் அடிமைகள் விற்கப்பட்டோ எசமானர்களுடன் பெயர்க்கப்பட்டோ போனார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம் என்று குடும்பங்கள் சிதறியது அந்த வணிகத்தில் அன்றாட நிகழ்வு.

1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 3 கோடியே 14 லட்சம். அதில் 39 லட்சத்து 50 ஆயிரம் பேர் அடிமைகள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகளே. சந்தை விலைப்படி அவர்களுடைய மொத்த மதிப்பு, நாட்டின் ரயில் பாதைகளிலும் ஆலைகளிலும் போடப்பட்டிருந்த முதலீட்டைச் சேர்த்துப் பார்த்தாலும் அதைவிட அதிகமாக இருந்தது. இவ்வளவு பெரிய சொத்தை உடையவர்கள் அதைத் தாமாகக் கைவிடுவார்கள் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இருக்கவில்லை.

ஆனால் 1820 முதல் 1860 வரை நாடாளுமன்றத்தில் நடந்த சண்டை, இருக்கும் அடிமை முறையை ஒழிப்பது பற்றியதாக இல்லை. மேற்கே விரிந்துகொண்டிருந்த புதிய நிலப்பரப்பில் அதை அனுமதிப்பதா கூடாதா என்பதே வழக்கு. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடம் என்பதால், புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் தராசின் ஏதோ ஒரு தட்டில் விழுந்தது. 1820இன் மிசூரி உடன்பாடு 36 பாகை 30 கலை அட்சரேகையில் ஒரு கோடு கிழித்து, மிசூரியைத் தவிர அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றது. மெக்சிகோவோடு நடந்த போரில் பெருநிலம் கைக்கு வந்ததும் அந்தச் சமநிலை ஆட்டம் கண்டது. 1850இல் கலிபோர்னியா அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது. 1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் பழைய எல்லைக்கோட்டையே அழித்து, அந்தந்தப் பகுதியில் குடியேறுபவர்கள் வாக்களித்துத் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றது. இரு தரப்பும் ஆயுதங்களோடு கான்சஸில் குடியேறின. உள்நாட்டுப் போரின் முதல் ரத்தம் அங்கேதான் சிந்தியது என்று சொல்வதில் மிகையில்லை. 1857இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்லர் என்றும், மாநிலமாகாத நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடை செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் தீர்ப்பளித்தபோது, சமரசம் பேச மிச்சமிருந்த இடமும் போயிற்று.

தென் மாநிலங்கள் போராடியது மாநில உரிமைக்காகத்தான் என்ற வாதத்தை இன்றும் கேட்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் ஒன்றே போதும். அந்தச் சட்டத்தின்படி ஒருவர் தப்பியோடிய அடிமையா இல்லையா என்பதை ஜூரிகள் இல்லாமல் ஒரு கமிஷனரே தீர்மானிப்பார். பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்லவும் அனுமதி கிடையாது. அவர் அடிமைதான் என்று முடிவானால் கமிஷனருக்குப் பத்து டாலர் கட்டணம், இல்லை என்று விடுவித்தால் ஐந்து டாலர். கூடுதல் எழுத்து வேலைக்கு கூடுதல் கட்டணம் என்று இதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. பாஸ்டனிலோ சிக்காகோவிலோ தெருவில் போகும் சாதாரணக் குடிமகனையும் அடிமை வேட்டைக்கு உதவும்படி கட்டாயப்படுத்த அரசு அலுவலருக்கு அதிகாரம் இருந்தது. இதை எதிர்த்து வட மாநிலங்கள் தங்கள் குடிகளைக் காக்கத் தனிச் சட்டங்கள் இயற்றியபோது, அதை ஒன்றியத்துக்கு இழைத்த துரோகம் என்று பழித்தவர்கள் தென்னகத்தார். மாநில உரிமை அங்கே அவர்களுக்குக் கசந்தது. பிறகு அவர்களே எழுதிக்கொண்ட கூட்டமைப்பின் அரசமைப்புச் சட்டம், அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் இயற்றக் கூடாது என்று தங்கள் நாடாளுமன்றத்தின் கையைக் கட்டிப்போட்டது. மாநில உரிமை என்பது அவர்கள் கையாண்ட கருவிதான். எந்தப் பொருளைக் காக்க அந்தக் கருவி என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

அடிமை வைத்திருக்காத தென்னக வெள்ளையர் ஏன் போருக்குப் போனார்கள் என்ற கேள்வி நியாயமானது. பிரிந்த மாநிலங்களில் அடிமைகளை உடைய குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தன் ஊரைக் காக்க வேண்டும் என்ற உணர்வும், கட்டாய ஆள்சேர்ப்பும் காரணங்களில் அடங்கும். அவற்றோடு, எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒரு கூட்டம் நிரந்தரமாக இருக்கும் என்ற உறுதியை அடிமை முறை ஏழை வெள்ளையருக்குக் கொடுத்தது. சாதியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு விளங்காததல்ல. புணேயில் ஜோதிராவ் புலே 1873இல் சாதிக் கொடுமையைச் சாடி எழுதிய தம் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

1860 தேர்தலில் லிங்கனுக்குக் கிடைத்தது மொத்த வாக்குகளில் நாற்பது விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. எதிர்த்தரப்பு வாக்குகள் மூன்று வேட்பாளர்களிடையே சிதறியிருந்தன. ஆனால் வட மாநிலங்களில் அவருக்குக் கிடைத்த வெற்றி மட்டுமே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் பெரும்பான்மை பெறப் போதுமானதாக இருந்தது. தென்னகத்தின் பத்து மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே கிடையாது. தங்கள் ஒரு வாக்குகூட இல்லாமல் ஒருவர் குடியரசுத் தலைவராக முடியும் என்றால் இனி ஒன்றியத்தின் அதிகாரம் தங்கள் கைக்கு வராது என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். 1861 பிப்ரவரிக்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து ஜெபர்சன் டேவிசைத் தலைவராக்கின. ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்ததும், வர்ஜீனியா உட்பட மேலும் நான்கு மாநிலங்கள் சேர்ந்துகொண்டன.

அடிமை முறை இருந்தும் பிரியாமல் நின்ற எல்லைப்புற மாநிலங்கள் நான்கு: டெலவர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி. லிங்கனின் ஆரம்ப காலத் தயக்கங்களுக்குத் திறவுகோல் இவைதாம். கென்டக்கியை இழப்பது ஏறக்குறைய ஆட்டத்தையே இழப்பதற்குச் சமம் என்று அவர் எழுதினார். மிசூரியில் ஜெனரல் பிரீமான்ட் தம் அதிகாரத்தில் அடிமைகளை விடுவித்து ஆணையிட்டபோது லிங்கன் அதை ரத்து செய்தார். அடுத்த ஆண்டு ஜெனரல் ஹன்டர் அப்படிச் செய்தபோதும் அதே கதிதான். அரசின் மேல்தளத்தில் நிலைமை இப்படி இருக்க, போக்கு மாறத் தொடங்கியது வர்ஜீனியாக் கடற்கரையில் ஒரு கோட்டை வாசலில்.

1861 மே 23 இரவு பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகொன்றில் ஏறி, ஒன்றியப் படையின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். 1619இல் வர்ஜீனியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரையிறங்கிய அதே முனையில்தான் அந்தக் கோட்டை நிற்கிறது. தென் படைக்காக எதிர்க்கரையில் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தியிருந்தார்கள். அங்கிருந்து குடும்பத்தைப் பிரித்து வட கரோலினாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். கோட்டைக்குத் தளபதியாகப் பொறுப்பேற்று ஓரிரு நாளே ஆகியிருந்த பெஞ்சமின் பட்லர் அடிமை ஒழிப்பாளர் அல்லர். மாசசூசெட்ஸ் வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சிக்காரர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தம் கட்சி மாநாட்டில் ஜெபர்சன் டேவிசைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கச் சொல்லி ஐம்பது சுற்றுகளுக்கும் மேல் வாக்களித்தவர்.

மறுநாள் பிற்பகல், அந்த மூவரின் உடைமையாளரான கர்னல் மல்லோரியின் சார்பில் மேஜர் கேரி என்பவர் சமாதானக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரக் கேட்டார். பட்லருக்குள் இருந்த வழக்கறிஞர் விழித்துக்கொண்டார். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று அறிவித்துக்கொண்டுவிட்டது, அமெரிக்கச் சட்டம் அயல்நாட்டுக்குப் பொருந்தாது என்றார். கர்னல் மல்லோரி வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் தருவதில் தடையில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். எதிரியின் போர் வேலைக்குப் பயன்படும் சொத்தைக் கைப்பற்றுவது போர் மரபு, அந்த மூவரும் உங்கள் கணக்குப்படியே சொத்துதானே, ஆகவே அவர்களைப் பறிமுதல் செய்துவிட்டேன் என்பது அவருடைய முடிவு. மனிதரைச் சொத்தாகக் கருதும் கொள்கையை வைத்தே அந்தக் கொள்கையின் உடைமையாளரை மடக்கிய வாதம் அது. அதில் உயர்ந்த அறம் எதுவும் இல்லை. மூவருக்கும் விடுதலை வழங்கப்படவும் இல்லை, கோட்டையில் வேலை கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் செய்தி பரவிவிட்டது. இரண்டு நாளில் எட்டுப் பேர், அதற்கடுத்த நாள் நாற்பதுக்கும் மேற்பட்டோர், கைக்குழந்தைகளோடு பெண்கள், நடக்க முடியாத முதியோர் என்று வரத் தொடங்கினார்கள். ஜூலை முடிவில் கோட்டையில் சுமார் 900 பேர் இருந்தார்கள். பீரங்கி மேடை கட்டியவரைப் பறிமுதல் செய்யலாம், சரி. பால்குடி மறவாத குழந்தையை எந்தப் போர்க் கருவியாகக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வியோடு பட்லர் போர்த்துறைக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ஒன்றியப் படை எங்கெல்லாம் முகாமிட்டதோ அங்கெல்லாம் இதே காட்சி. நாடாளுமன்றம் ஆகஸ்ட் மாதம் முதல் பறிமுதல் சட்டத்தை இயற்றி, பட்லர் செய்ததற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1862 மார்ச்சில், தப்பி வருபவரைப் படையினர் திருப்பி அனுப்பக் கூடாது என்று தடை வந்தது. ஜூலையில் வந்த இரண்டாம் பறிமுதல் சட்டம், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் ஒன்றியப் படையிடம் வந்துசேர்ந்தால் நிரந்தரமாக விடுதலை பெற்றவர்கள் என்றது. போர் முடிவதற்குள் இப்படி ஒன்றியப் படைகளின் எல்லைக்குள் வந்துசேர்ந்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். பல முகாம்களில் அம்மையும் பசியும் அவர்களைக் கொன்று குவித்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே 1862 ஏப்ரலில் தலைநகரான வாஷிங்டனில் மட்டும் அடிமை முறை இழப்பீட்டோடு ஒழிக்கப்பட்டது. ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை கொடுத்தார்கள், எசமானருக்கு. ஆயுள் முழுவதும் கூலியின்றி உழைத்தவருக்கு எதுவும் இல்லை. இதே முறையில் எல்லைப்புற மாநிலங்களும் அடிமைகளை விடுவிக்கலாம் என்று லிங்கன் அவர்களுடைய பிரதிநிதிகளை அழைத்துக் கேட்டுப்பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புக்குப் பிறகுதான், 1862 ஜூலையில், விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் தம் அமைச்சர்களிடம் படித்துக் காட்டினார். ஒரு போர்வெற்றிக்குப் பின் வெளியிடுவதே நல்லது என்ற ஆலோசனையை ஏற்றுக் காத்திருந்தார். ஓர் அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படிச் செய்வேன், எல்லோரையும் விடுவித்துத்தான் காக்க முடியும் என்றால் அப்படியும் செய்வேன் என்று ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு அவர் எழுதிய கடிதம், அவருக்கு அடிமைகளைப் பற்றி அக்கறை இல்லை என்பதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. அதை எழுதும்போது பிரகடனத்தின் வரைவு தயாராக இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், வரப்போகும் செயலுக்குத் தயங்கும் வடக்கத்தியரைப் பழக்கும் அரசியல்வாதியின் எழுத்தாக அது தெரியும்.

செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தில் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் நடந்த சண்டையில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 23,000 பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். தென் தளபதி ராபர்ட் லீயின் படை பின்வாங்கியதை வெற்றியாகக் கொண்டு ஐந்து நாள் கழித்து முதற்கட்ட அறிவிப்பு வந்தது. கிளர்ச்சி செய்த பகுதிகளின் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எல்லைப்புற மாநிலங்களுக்கும், டென்னசிக்கும், ஒன்றியப் படை பிடித்துவைத்திருந்த லூயிசியானா, வர்ஜீனியாப் பகுதிகளுக்கும் அது பொருந்தாது. தம் கைக்கு எட்டாத இடத்தில்தான் லிங்கன் விடுதலை கொடுத்தார் என்ற கேலி அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அந்தக் கேலி பாதி உண்மை. படைத்தலைவர் என்ற போர்க்கால அதிகாரத்தைக் கொண்டுதான் அவர் அந்த ஆணையைப் பிறப்பிக்க முடிந்தது, ஆகவே எதிரி நிலத்தைத் தாண்டி அது செல்லாது. ஆனால் அன்று முதல் ஒன்றியப் படை தெற்கே எவ்வளவு தூரம் முன்னேறியதோ அவ்வளவு தூரம் விடுதலையும் சட்டமாக முன்னேறியது. கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கும் கதவும் அதே ஆணையில் அகலத் திறந்தது.

சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியத் தரைப்படையில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமை மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தெற்கில் ஓர் ஆள் அடிமை வேலையை விட்டுவந்து துப்பாக்கி எடுத்தால் ஒரு பக்கம் கழித்தலும் மறுபக்கம் கூட்டலுமாக எதிரிக்கு இரட்டை நஷ்டம். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர் சம்பளம். கறுப்பின வீரனுக்கு 10 டாலர் என்று சொல்லி, அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்துக்கொண்டு 7 டாலர் கொடுத்தார்கள். எதிரியின் வாக்னர் கோட்டை மீதான தாக்குதலில் பேர்பெற்ற, கறுப்பினத்தவரைக் கொண்ட 54ஆம் மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட் வீரர்கள் குறைந்த சம்பளத்தைக் கையால் தொடாமல் மறுத்துவந்தார்கள். தென் கரோலினா ரெஜிமென்ட் ஒன்றின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், சம சம்பளம் கிடைக்கும்வரை பணியில்லை என்று தம் ஆட்களோடு துப்பாக்கிகளை அடுக்கிவைத்துவிட்டார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டுக் கொன்றது அவர் சேர்ந்திருந்த ஒன்றியப் படையே. நான்கு மாதம் கழித்து நாடாளுமன்றம் சம சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டது. எதிர்ப்பக்கம், பிடிபடும் கறுப்பின வீரர்களைப் போர்க்கைதிகளாக ஏற்க மறுத்தது. 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் சரணடைய முயன்றவர்களையும் கொன்றது.

போர்க்களங்களின் வரிசையை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1863 ஜூலை முதல் வாரத்தில் கெட்டிஸ்பர்க்கிலும் விக்ஸ்பர்க்கிலும் தெற்கு தோற்றது. 1864 செப்டம்பரில் அட்லாண்டா வீழ்ந்ததும் லிங்கனின் மறுதேர்தல் உறுதியாயிற்று. பிளவு வடக்கு, தெற்கு என்று அவ்வளவு நேராகவும் இருக்கவில்லை. வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதி பிரிந்து தனி மாநிலமாகி ஒன்றியத்தில் சேர்ந்தது. 300 டாலர் கட்டினால் படைச் சேவையிலிருந்து தப்பலாம் என்ற விதியால் கொதித்த நியூயார்க் தொழிலாளர் கூட்டம், 1863 ஜூலையில் கறுப்பின மக்களை வேட்டையாடி, அவர்களுடைய அநாதைக் குழந்தைகளின் இல்லத்துக்கும் தீ வைத்தது. தெற்கிலோ இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச் சேவையில் விலக்கு உண்டு. பணக்காரனின் போரில் ஏழை சாகிறான் என்று இரு பக்கமும் முணுமுணுத்தது.

பஞ்சை நிறுத்தினால் இங்கிலாந்து தங்களுக்காகத் தலையிட்டே தீரும் என்பது தென் கூட்டமைப்பின் பெரிய கணக்கு. பிரிட்டன் இறக்குமதி செய்த பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டி அமெரிக்காவிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. லங்காஷயர் ஆலைகள் மூடின. 1862 குளிர்காலத்தில் சுமார் ஐந்து லட்சம் பேர் அங்கே நிவாரணத்தில் வயிறு கழுவினார்கள். அந்த நிலையிலும் ஆண்டின் கடைசி நாளில் மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அடிமை ஒழிப்புக்கு ஆதரவு தெரிவித்து லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். பிரிட்டிஷ் அரசும் தென் கூட்டமைப்பைத் தனி நாடாக அங்கீகரிக்கவே இல்லை. ஆலை முதலாளிகளின் கண் இந்தியா பக்கம் திரும்பியது. இருபது ஆண்டு முன்பே கிழக்கிந்திய கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிலரை வரவழைத்து, ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்து, பெரிய பலன் காணாமல் கைவிட்டிருந்தது. இப்போது நாட்டுப் பருத்திக்கே அடித்தது யோகம். லிவர்பூல் சந்தையில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானபோது, திருநெல்வேலிக் கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியே கப்பலேறியது. பம்பாய் வணிகர்கள் ஒரே மூச்சில் லட்சாதிபதிகளானார்கள். 1865இல் போர் முடிந்த செய்தி வந்ததும் விலை சரிந்து, அதே வேகத்தில் திவாலானவர்களும் உண்டு.

கடைசிக் கட்டத்தில் ஆள் பற்றாக்குறையால் தவித்த தென் கூட்டமைப்பு, அடிமைகளையே படையில் சேர்க்கலாமா என்று விவாதித்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த தென் தளபதி ஹவல் காப் அதை எதிர்த்து 1865 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், அடிமைகள் நல்ல போர்வீரர்களாவார்கள் என்றால் அடிமை முறை பற்றிய நம் கோட்பாடு முழுவதும் தவறு என்றார். அவர்கள் நல்ல போர்வீரர்கள் என்பது வாக்னர் கோட்டைச் சுவரடியில் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டிருந்தது. மார்ச்சில் சட்டம் இயற்றினார்கள். ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்தார். ஐந்து நாள் கழித்து லிங்கன் சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார். நான்காண்டில் மாண்ட வீரர்களின் எண்ணிக்கை 6,20,000 என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. பின்னாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த மதிப்பீடு ஒன்று அதை ஏழரை லட்சம் வரை உயர்த்தியது. இரண்டில் எதைக் கொண்டாலும், குண்டுக்கு இரையானவர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம்.

1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்ற வாக்கில் நிறைவேறிய அரசமைப்புச் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, பிரகடனம் தொடாத மாநிலங்களிலும் அடிமை முறையை ஒழித்தது. குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல் என்றொரு விலக்கு அதில் இருந்தது. வேலையில்லாமல் திரிவதைக் குற்றமாக்கும் சட்டங்களைத் தென் மாநிலங்கள் உடனே இயற்றிக் கறுப்பின மக்களைப் பிடித்து, அபராதம் கட்ட முடியாதவர்களைத் தோட்டங்களுக்கு வேலைக்கு விட்டன. ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத்தில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு ஒன்றியப் படையின் ஜெனரல் ஷெர்மன் பிரித்துக் கொடுத்த நிலத்தை, புதிய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டுக்குள்ளேயே பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்தார். நிலம் இல்லாத விடுதலை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரச் சாகுபடியிலும் கடனிலும் போய் முடிந்தது. குடியுரிமையும் வாக்குரிமையும் அளித்த அடுத்த இரண்டு திருத்தங்களைக் காக்கத் தெற்கில் நின்ற ஒன்றியப் படைகளும் 1877இல் காவலைக் கைவிட்டன.

அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் போருக்குப் பின் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகளில், போர் அடிமை முறை பற்றியதே அன்று, ஒன்றிய அரசின் அதிகார வரம்பு பற்றிய அரசமைப்புத் தகராறுதான் அது என்று வாதிட்டார். ஜெபர்சன் டேவிசும் 1881இல் அதையே எழுதினார். அவர்களுடைய சவானா உரையும் சார்ல்ஸ்டன் அறிக்கையும் அச்சில் அப்படியே இருந்தன. இருந்தும் தோற்ற தரப்பின் திருத்திய கதையே தென் மாநிலப் பள்ளிப் பாடங்களிலும், 1890களுக்குப் பின் நகரச் சதுக்கங்களில் எழுப்பப்பட்ட தளபதிகளின் சிலைகளிலும் நெடுங்காலம் நிலைத்தது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டங்களை அந்த மாநிலங்கள் இயற்றிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.